கசப்புத் தாத்தா

மூலிகை ஆய்வுக்கூடத்தில் சாறு இறக்குகிற அறை அவருடைய ராஜ்ஜியம். ஒரு காட்டுச் செடியின் இலையை உலர்த்திப் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி வற்றவிட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் தங்கும். அது சர்க்கரை நோயைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வுக்கூடத் தலைவி அம்மா அளந்து பேசுவார். இவரோ மருந்து தயார், கடைக்கு வர வேண்டியதுதான் பாக்கி என்று சொந்தக்காரர்களிடம் அளந்துவிடுவார்.

நோயைக் குறைக்கிறதோ இல்லையோ, கசப்பில் அந்தத் தூளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையுறை போட்டாலும் நகக்கண்ணில் ஏறிவிடும். சோப்புக்கும் மசியாது, எலுமிச்சைக்கும் மசியாது. அவர் தொட்ட ரொட்டியெல்லாம் கசந்ததால் மனைவி அவரை அடுப்படிப் பக்கமே அண்டவிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர்கூடக் கழுவாத மனிதருக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை.

மகள் லீவுக்குப் பேத்தியோடு வந்து இறங்கியபோதுதான் வினை பிடித்தது. பேத்திக்குக் கண்டதையும் வாயில் வைக்கிற வயது. வந்த அன்றே தாத்தாவின் விரலைப் பிடித்துச் சப்பினாள். முகம் அஷ்டகோணலானது. "கச்சு" என்று அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். மகள் பதறியதை அவர் போய்ச் சொல்லக் கேட்ட தலைவி அம்மா, அந்த இலையை ஆடுகளே வயிறு முட்டத் தின்கின்றன, ஒன்றும் ஆகாது என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். கதவு திறந்ததும் ஓடிவருவாள், விரலை ஒரு நக்கு நக்குவாள், அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வீடே சிரித்தது. அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது தன்னிடம் ஒட்டுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தலைவி அம்மாவிடம் போய் நின்றார்.

"எலி ரூம்ல வேலை போட்டுக் குடுங்கம்மா. என் பேத்தி என்னைப் பாத்து பயந்து ஓடுது."

கிடைத்தது. மருந்தைச் சோதிக்க வளர்க்கிற எலிகளின் கூண்டு கழுவினார், கடியும் வாங்கினார். கசப்பு போகிறவரை வீட்டில் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினார். தன் விரலைத் தானே நக்கிப் பார்த்து, சுத்தம் என்று தெரிந்த அன்றைக்குப் புதுமாப்பிள்ளை மாதிரி வந்து விரலை நீட்டினார்.

பேத்தி நக்கினாள். சுளிக்கத் தயாராக இருந்த முகம் பாதியில் நின்றது. அடுத்த விரலை நக்கிப் பார்த்தாள். மற்றக் கையையும் இழுத்துப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"கச்சு தாத்தா எங்க?" என்று கேட்டு, வீடு இடிந்து விழுகிற மாதிரி அழுதாள்.

"அவ பயந்து ஓடலப்பா," என்றாள் மகள். "அது அவளுக்கு விளையாட்டு. நாள் பூரா நீங்க எப்ப வருவீங்கன்னுதான் உக்காந்திருப்பா."



மறுநாள் ஆய்வுக்கூடத் தோட்டத்தில் அந்தச் செடியின் கன்று ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து வாசலில் தொட்டியில் நட்டார். ஓர் இலையைக் கிள்ளி விரலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு கதவைத் தட்டினார். ஒரு நக்கு, ஒரு சுளிப்பு, ஒரு "கச்சு", ஒரே ஓட்டம். இந்தத் தடவை அவரும் முட்டி வலியோடு பின்னாலேயே தவழ்ந்து போனார். கட்டிலுக்கு அடியில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவர் அங்கே குனிந்து பார்த்ததே இல்லை.

அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.