நனைத்து அளந்த கயிறு

பல்கலைக்கழக விளையாட்டு மலருக்கு, அங்கிருந்து ஒலிம்பிக் போன வீரர்களையும் பயிற்றுநர்களையும் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை. அங்கே ஓட்டப் பயிற்றுநராக இருந்த என் அப்பா பஸ்ரியாம்பிள்ளை போன மாதம் இறந்தார். அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1983 கலவரத்தோடு வகுப்புகள் நின்றன. அப்பா தீவில் உள்ள ஊர்காவற்றுறைக்குத் திரும்பினார். அவருடைய மாணவி மரியநாயகியும் எங்கள் ஊர்தான். நானூறு மீற்றர் ஓடுவாள். அடுத்த ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டி கொழும்பில். அந்த நேரம் கொழும்புக்கு யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். தகுதி நேரத்தை முதலில் இங்கே ஓடிக்காட்டினால் தானே கூட்டிப்போவதாக அப்பா அவளுடைய தாயிடம் சொன்னார்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த வெளியில் பாதை போட்டார். கிடைத்த அளவு நாடா சிறியது. அதனால் கடலுக்குப் போகும் சித்தப்பாவின் பருத்திக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, நாடாவில் அளந்து வெட்டினார். அது காய்ந்த பிறகு அதைக் கொண்டு அளந்து பனைமர முளைகள் அடித்தார்.

மாசி வரை ஓடினாள். ஒவ்வொரு முறையும் தகுதி நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தினாள்.

"மாஸ்ரர், உங்கட மணிக்கூட்டுக்கு என்னில கோவமா?"

"அது றேடியோவோட சரி பார்த்தது. நீர் ஓடும், பிள்ளை."

சித்தப்பா யாக்கோப்பு வேலியில் சாய்ந்து நின்று, "அண்ணை, பிள்ளைக்கு எஞ்சின் பூட்டி விடுங்கோவன்" என்பார். அவளும் சிரிப்பாள்.

தகுதி நேரம் வரவில்லை. அப்பா கூட்டிப்போகவில்லை. அவள் படிப்பை விட்டு, ஒரு கடற்றொழிலாளியைக் கட்டினாள். மூன்றாம் வருடம் அவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

1989இல், நில அளவையாளனாக, ஒரு கட்டட வேலைக்காக அந்த வெளியை உருக்கு நாடாவால் அளந்தேன். முளைகள் அப்படியே நின்றன. ஒரு சுற்று, நானூறை விட எட்டு மீற்றர் கூட.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கரையில் கயிற்றை நனைத்துத்தான் அளப்பார்கள். கடலில் அது நனைந்தே கிடக்கும். நனைந்தால் சுருங்கும். காய்ந்தால் நீளும். தரையில் போட்டது காய்ந்த கயிறு.

அவர் நேரே அவளிடம் போனார். நானும் போனேன். அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதையில பிழை, பிள்ளை. நான் விட்ட பிழை."

"கூடவோ, குறையவோ?"

"கூட."

அவள் கை நின்றது.

"அப்ப நான் அந்த நேரத்துக்குள்ள ஓடியிருக்கிறன்."

"ஓம்."

"இதை ஏன் இப்ப வந்து சொன்னீங்கள், மாஸ்ரர்? என்னால ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டு ஒரு மாதிரி இருந்திட்டன்."

அவள் மறுபடி கருவாட்டைப் புரட்டினாள். எங்களை இருக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அப்பா முளைகளைப் பிடுங்கினார். பிறகு யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. 1990இல் இராணுவம் வந்தபோது தீவை விட்டு ஓடினோம். அவள் எந்த வள்ளத்தில் போனாள், எங்கே இறங்கினாள் என்று தெரியவில்லை. இடம்பெயர்ந்தோர் இருந்த ஒவ்வொரு பாடசாலையிலும் அப்பா விசாரித்தார். கண்டால் என்ன சொல்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டுமில்லை. இருக்கிறாளோ எண்டு பார்க்கத்தான்."

அவளைக் காணாமலே போய்விட்டார்.