மாரியிலும் வேலை இருந்தது

என்ர தங்கச்சிக்கு உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒண்டில வேலை கிடைச்சதெண்டு அம்மா எங்கட ஊர் அன்புவழிபுரம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சா. சொல்லாமல் இருப்பாவே? பிறந்த பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் எண்டவுடன, இதை வைச்சு என்ன செய்யப்போறாய் எண்டு அம்மாட்டக் கேட்ட சனம் எங்கட ஒழுங்கையிலேயே இருக்குது. இப்ப அவள் இருபது தாண்டின குமர். ஹோட்டல் சட்டை, தோளில பை. அறையளில தங்குற ஆக்கள் குளிச்சுத் துடைக்கிற துவாய் மடிக்கிறதுதான் வேலை. ஓரத்தோட ஓரம் பொருந்தாட்டித் திருப்பி மடிப்பாள். மடிக்கேக்க ஆரும் கதை குடுத்தால் பொல்லாத கோவம் வரும்.

மாரி மழைக்காலம் வந்துது. கடல் கொந்தளிக்கேக்க வெள்ளைக்காரர் ஏன் வரப்போகினம்? மற்றப் பெட்டையளை, சீசனுக்கு வாங்கோ எண்டு வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். இவளை மட்டும் நிப்பாட்டேல்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சா. எனக்கும் பெருமைதான். ஆனா தையல் மெசினில இருக்கேக்க ஒரு யோசனை குத்திச்சுது: ஆக்களே இல்லாத ஹோட்டலில துவாய் எங்கால?

அண்டைக்கு மழையைச் சாட்டி, குடையோட அவளைக் கூட்டப் போனன். அவள் முன்பக்கம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தாள். பின்னறையில ஒரு வேலையாள், அவள் மடிச்ச துவாயளை ஒவ்வொண்டா உதறிக் கூடைக்குள்ள எறிஞ்சுகொண்டு நிண்டான்.

பின்னால வந்த முதலாளியிட்ட இது ஏனெண்டு கேட்டன்; அவர் சிரிச்சார். "வேலை இல்லாட்டிப் பிள்ளையின்ர மனம் நொந்துபோகும். இப்பிடி ஒரு பிள்ளையை வைச்சிருக்கிறம் எண்டு வாறவைக்கு நாங்களும் காட்டலாம். அவவுக்கு விளங்காதுதானே."

"உங்கட பிள்ளையெண்டால் இப்பிடிச் செய்விப்பீங்களோ?" எண்டு கத்தினன்.

"நல்லது செய்தாலும் பிழைதான்" எண்டுபோட்டு அவர் உள்ள போயிட்டார்.

பஸ்ஸில வரேக்க அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? அந்த வேலைதான் அவளை நாலு பேருக்கு முன்னால நிமிந்து நடக்க வைச்சது.

"நாளைக்குப் போகவேண்டாம், சரியான மழை" எண்டு மட்டும் வீட்ட வந்து சொன்னன். அவள் கட்டிலில கிடந்த எங்கட உடுப்பெல்லாத்தையும் எடுத்து மடிச்சாள். அம்மான்ர சீலை, என்ர சட்டை, எல்லாம் ஓரத்தோட ஓரம். பிறகு அந்த அடுக்கிலயிருந்து ஒவ்வொண்டா எடுத்து உதறிக் கூடைக்குள்ள எறியத் தொடங்கினாள்.

"ஏனடி கலைக்கிறாய்?"

"அங்க அந்த அண்ணாவும் இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் கலைக்கிறவர். கலைச்சால்தானே அக்கா, நாளைக்கும் எனக்கு வேலை இருக்கும்?"