ஒரு நேரத்தில் ஒருவர் படிக்கும் புத்தகம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் உள்ள பாட மின்னூலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல, தேர்வு நாளில் பிள்ளைகள் காலையிலேயே அதைப் போனில் திறந்துவைத்து இடம் பிடிப்பார்கள்.

அன்று ஒரு மாணவி பதறிக்கொண்டு நூலகரான என் மேசைக்கு வந்தாள். அரை மணியில் வாய்மொழித் தேர்வு. கடைசி அத்தியாயத்தை அவள் இன்னும் படிக்கவில்லை.

"வேற யாரோ படிக்கிறாங்கன்னு காட்டுது மேடம். யாருன்னு பாருங்களேன்."

என் கணினியில் பார்த்தால் அவளுடைய பதிவெண்தான் இருந்தது.

"நீதாம்மா படிச்சிட்டிருக்க."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் தன் போன் சார்ஜில் இருந்ததால், அம்மாவின் போனில் இடம் பிடித்திருக்கிறாள். அந்தப் போன் பொம்மனஹள்ளி வீட்டில். இங்கிருந்து மூட எனக்கு வழியில்லை.

என் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டோம். மூன்றாவது முறைதான் அம்மா எடுத்தார். லைப்ரரி மேடம் போனிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஏன் எடுக்கவில்லை என்று மகள் கேட்டாள்.

"நீதானடி போனைத் தொடாதேன்னு சொன்ன?"

"அம்மா, அந்தப் புக்குல மேல செவப்பு பட்டன் இருக்கும், அழுத்து."

"அழிஞ்சிடாதே?"

"அழுத்தும்மா."

என் திரையிலிருந்து பதிவெண் மறைந்தது. அவள் என் போனை மேசையில் வைத்துவிட்டு, தன் போனில் குனிந்தாள்.

"படிக்கிறாளா மேடம்?"

"படிக்கிறாம்மா."

"அப்ப வச்சிடறேன். என் கொரல் கேட்டா தலையத் தூக்குவா."