பயமெல்லாம் இல்லம்மா

லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பேச்சை வெட்டிவிடுவாள். வாயைத் திறந்தால் வம்பு என்று வாழ்கிற ஜென்மம். எதிரே மேனேஜர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்திப் பேசுவதெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு, யார் என்ன சொன்னார், மெக்கானிக் போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆனது என்று படிவத்தில் எழுதுவதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. மூன்று மாதம் கழிந்தால் பதிவுகள் தானாக அழிந்துவிடும்.

சிலவற்றை அழிய விட அவளுக்கு மனசு வரவில்லை. மாட்டிக்கொண்ட மனிதர்கள் அப்படியெல்லாம் பேசுவார்கள். ஒருவர் பொத்தானையே திட்டுவார். ஒரு பெண் லிஃப்டிடம் மன்னிப்புக் கேட்பாள். யாரும் பார்க்காதபோது கத்தரி தன் செல்போனை ஹெட்போனில் ஒட்டிவைத்து அதையெல்லாம் பதிவு செய்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிரிப்பு வருகிற துண்டுகளை மட்டும் வெட்டி, கதவு இடிக்கும் சத்தத்தை மேளமாக்கி, ‘டிங்’ என்ற மணியைத் தாளமாக்கிப் பாட்டுக் கட்டுவாள். செல்போனில் இடம் இருக்காது. வெட்டியது போக மிச்சத்தை அழித்துவிடுவாள்.

பேர் போடாமல் இணையத்தில் ஏற்றிய பாட்டுகளை நாலு பேர்தான் கேட்டார்கள். ஐந்தாவது பாட்டு பற்றிக்கொண்டது. அதில் ஒரு பெரியவர் நடுங்கும் குரலில் “பயமெல்லாம் இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்” என்பார், தானே சிரிப்பார். அதையே நாற்பது தடவை திருப்பிப் போட்டிருந்தாள். பஸ்ஸில் கேட்டது, முடிதிருத்தும் கடையில் கேட்டது, கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடினார்கள்.

முதலில் பூரித்துத்தான் போனாள். பிறகு ஆபீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பாட்டில் இருப்பது நம்முடைய பதிவு, எடுத்தவர் தெரிந்ததும் வேலை போகும், போலீசுக்கும் போகும். அன்று ராத்திரி புருஷனிடம் சொன்னாள்.

“நீயா போய் மாட்டிக்காத. வாயத் தெறக்காம இரு, அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே” என்றான் புருஷன். அவன் கடை மூடி ஒரு வருஷம். வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

மேனேஜர் அறை மணி அடித்தாலே எழுந்து கழிவறைக்குப் போய்விடுவாள். பக்கத்து மேஜைக்காரி அந்தப் பாட்டை முணுமுணுத்தால் சோறு இறங்கவில்லை. அப்படிப் பதினாறு நாள்.

பதினேழாம் நாள் மேனேஜர் அவளைப் போன வருஷப் படிவங்களோடு வரச் சொன்னார். தொலைந்தோம் என்றுதான் போனாள். உள்ளே ஓர் அம்மா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பாட்டுல பேசறது எங்க வீட்டுக்காரர்” என்றார் அந்த அம்மா. “அவர் தவறிப்போய் எட்டு மாசம் ஆச்சு. நான் சண்டைக்கு வரல சார். போட்டோ இருக்கு. வீடியோன்னா ஓடிடுவார். குரல் எங்கயும் இல்ல. அன்னிக்கு லிஃப்டுல முழுசா என்ன பேசினாரோ, அத ஒரு தடவ கேட்கணும்.”

“அழிஞ்சு போச்சு மேடம். எங்ககிட்ட எதுவுமே இல்ல” என்றார் மேனேஜர். அந்த அம்மா சொன்ன தேதிக்குக் கத்தரி நீட்டிய படிவத்தில் ‘ஆண், பதற்றம், இருபத்தாறு நிமிடம்’ என்று மட்டும் இருந்தது. அவள் கையெழுத்து.

அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். போகட்டும், இதோடு தப்பித்தோம் என்று கத்தரியின் மனசு அடித்துக்கொண்டது. அவர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“உங்களச் சாப்பிடச் சொன்னார்” என்றாள் கத்தரி.

இருவரும் திரும்பினார்கள். நிறுத்தினால் பிறகு பேசவே முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“மொதல்ல ரெண்டு தடவ ஹலோ. அப்புறம் இருமினார். ‘வீட்ல அவ சாப்பிடாம உக்காந்திருப்பா, ஒரு போன் போட்டுச் சாப்பிடச் சொல்லிடுங்க’ன்னார். போன் எடுத்த பொண்ணு, பயமா இருக்கா சார்னு கேட்டா. அதுக்குத்தான் ‘பயமெல்லாம் இல்லம்மா’ன்னார்.”

“யாரும் போன் பண்ணலயே” என்றார் அந்த அம்மா மெதுவாக. “நான் உக்காந்துதான் இருந்தேன்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்த கால். உனக்கெப்படி இவ்வளவு ஞாபகம்?”

“நான்தான் சார் வெட்டினேன்.” கத்தரி அந்த அம்மா பக்கம் திரும்பினாள். “சிரிப்பு வர்ற எடத்த மட்டும் வச்சுக்கிட்டேன். சாப்பாட்டுப் பேச்சுல சிரிப்பு இல்லைன்னு அழிச்சுட்டேன்.”

மேனேஜர் போனை எடுத்தார். அந்த அம்மா அவர் பக்கம் பார்க்கவேயில்லை. திரும்பி வந்து நாற்காலியை இழுத்து, கத்தரியின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

“ஹலோலேர்ந்து சொல்லும்மா” என்றார். “இருமினத விட்டுடாத.”