தொழுவத்துத் தண்ணீர்

கால்நடைத் துறையில் குடற்புழுவைப் பற்றி வகுப்பெடுத்தே ஓய்வு பெற்றவன் நான். புதுக் கன்றைத் தனியாகக் கட்டுங்கள், சாணத்தைச் சோதியுங்கள் என்று பாறசாலைப் பக்கம் நான் சொல்லாத வீடில்லை. வெள்ளறடையில் புதிதாக வாங்கிய என் கன்றுக்கு மட்டும் இரண்டையும் செய்யவில்லை. விதி தெரிந்தவனுக்கு விதி எதற்கு?

சில வாரங்களில் என் கன்றுகள் எல்லாம் நீர்நீராகக் கழிய ஆரம்பித்தன. வேலிச் சந்தில் நுழைந்து வரும் பக்கத்து வீட்டு சுனந்தாவின் கன்றுதான் புழுவைக் கொண்டுவந்தது என்று தீர்மானித்தேன். மறுநாள் காலை அது நுழைந்ததும் மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். முன்னங்கால் மடிந்து விழுந்த பிறகும் விலாவில் அடித்தேன்.

சுனந்தா காம்பைப் பிடுங்கி என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"கிளாசு எடுத்த சாரல்லியோ? உங்க தொழுவத்துத் தண்ணி எங்க புல்லுலயாக்கும் பாயுது. அதைத் தின்னுட்டு இது நாலு நாளாட்டு கழிஞ்சுகிட்டு நிக்குது. புழு உங்க வீட்டுதாக்கும்."

சாணத் தண்ணீர் புல்லுக்கு நல்ல உரம் என்று சொல்லி, தொழுவத்திலிருந்து அங்கே வாய்க்கால் வெட்டவைத்தவனும் நான்தான்.

கன்று மதியம் செத்தது. புழுவா, என் அடியா என்பது அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த முறையும் எனக்குத் தெரியும். அறுக்காமல் புதைக்கச் சொன்னேன்.