சீட் கொடுத்தவர்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், காலியான சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற நீலப் புடவை. என்னையும் என் கையிலிருந்த சர்டிபிகேட் பைலையும் பார்த்தார்.

“நீங்க உக்காருங்க. நான் உக்காந்தா புடவை கசங்கிடுமுங்க.”

ஒரு கையால் கம்பியையும் மறுகையால் கொசுவத்தையும் பிடித்தபடி எல்லா வளைவுகளையும் சமாளித்தார். நான் சுகமாகத் தூங்கினேன்.

சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் அவரை மறுபடி பார்த்தேன். இருந்ததோ ஒரே ஒரு டீச்சர் வேலை. இன்டர்வியூவுக்கு இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

“நாள் முழுக்க நின்னு பாடம் நடத்தணும், முடியுமா?” என்று தலைமையாசிரியர் கேட்டார்.

“முடியும் சார்” என்றேன்.

நீலப் புடவைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: “மலையிலிருந்தே நின்னுட்டுத்தானுங்க சார் வந்தேன். வேணும்னா இவங்களையே கேளுங்க. உக்காந்து வந்தது இவங்கதான்.”

கசங்கிய என் புடவையோடு, “ஆமாங்க சார்” என்று சாட்சி சொன்னேன்.

வேலை அவருக்குத்தான். அன்று அவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரா, என் பைலைப் பார்த்துக் கணக்குப் போட்டாரா என்று இன்னும் விளங்கவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில் யார் சீட் கொடுத்தாலும், “எங்கே போறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.