மீன் தண்ணீர் ஊற்றிய பாத்தி

முயல் கடித்த தண்டையும் ஆடு கடித்த தண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ஆடு இழுக்கும், பிய்க்கும், நார் தொங்கும். முயல் அப்படியில்லை. சவரக்கத்தியால் சாய்வாகச் சீவியது போல ஒரே வெட்டு. கத்திரி நாற்றின் தண்டு மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் அப்படி நின்றுகொண்டிருக்கும். வெட்டிய தலையைச் சில நாள் தின்னாமல் பக்கத்திலேயே போட்டுவிட்டும் போயிருக்கும். தின்றதைவிட அப்படிப் போட்டுவிட்டுப் போனதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். அந்த மாதிரி ஒரு தண்டை விரலால் பிடித்துக்கொண்டு என் அண்ணி விடியற்காலையில் பாத்தியில் குந்தியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவள் அழவில்லை. "எவ்ளோ நேர்த்தியா அறுத்துகீது பாரு தம்பி. நான் மீன் அறுக்கறப்போகூட இப்பிடி வந்ததில்ல" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ராயபுரத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலையில் இருந்தேன். பகல் முழுக்க எண்ணியவனுக்கு மாலையில் நிறுத்தத் தெரியாது. கூரையில் எத்தனை கீற்று, கிணற்றுச் சுவரில் எத்தனை செங்கல் என்று வாய் தானாக முணுமுணுக்கும். எழுபத்தெட்டு வயதாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது என் ஜன்னலுக்குக் கீழே போகும் லாரிகளை எண்ணுகிறேன். நேற்று மதியத்துக்குள் இருநூறைத் தாண்டின. இடுப்பு வலி தாங்காமல் அதற்குமேல் படுத்துவிட்டேன். படுத்தாலும் அந்த ஹாரன் சத்தத்தில் தூக்கம் வந்தால்தானே. வீட்டில் சொன்னால் ஜன்னலைச் சாத்து என்கிறார்கள். சாத்தினால் புழுக்கம்.

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர்ச் சாலையை ஒட்டிய ஒரு குடிசையில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் இருந்தோம். அண்ணன் ரயில் பட்டறையில் இருந்தவன். நெஞ்சு கெட்டு, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலை வந்ததும் வேலையை விட்டான். அதன்பிறகு என் சம்பளம் ஒன்றுதான். அவன் மருந்துக்குப் போக மிஞ்சியது மூன்று வயிற்றுக்குப் போதவில்லை.

அண்ணி காசிமேட்டில் மீனுக்கு உப்புப் போடும் குடும்பத்தில் பிறந்தவள். சிறு வயதிலிருந்து மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்பைத் தேய்த்துத் தொட்டியில் அடுக்கிய கைகள் அவளுடையவை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. சோறு பிசைந்தால் குழம்பின் காரம் அதில் ஏறும் என்று மரக்கரண்டியால் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கை கூப்பினால் இரண்டு உள்ளங்கையும் ஒன்றோடொன்று ஒட்டாது. விறைப்பாக, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின. ஒருநாள் கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "கையில துன்னா சோறே வேற ருசியா கீது" என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணன் வேலையை விட்டதும் காசிமேட்டிலிருந்து அவளுடைய தமையனார் வந்தார். தொட்டியடியில் அவள் இடம் காலியாகவே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் தோப்புக்காரரிடம் போய் நின்றது. எங்கள் குடிசைக்குப் பின்னால் அவருடைய சவுக்குத் தோப்பு. தோப்பு முடிந்து நிலம் சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தரிசும் கிடந்தன. காய்கறி போட்டுக்கொள்ளக் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மீன்காரப் பொண்ணு, உனுக்கு மம்முட்டி புடிக்கத் தெரியுமா?" என்றார். பிறகு இறங்கிவந்தார். "சரி, போடு. உங்க பண்டிகைக்கு முன்னாடி வந்து பாப்பேன். பச்சையா எதுனா நின்னுகினு இருந்தா மூணு வருசம் நீயே வச்சுக்கோ, வெளஞ்சதுல பாதி எனுக்கு. இல்லாங்காட்டி தையில அங்கியும் சவுக்கு நட்டுடுவேன்."

பேச்சு அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குள் பாத்தி பச்சையாக இருந்தால் அண்ணி வீட்டோடு இருப்பாள். இல்லாவிட்டால் உப்புத் தொட்டிக்குப் போவாள். எங்கள் மூவருக்கும் இது தெரியும்.

புரட்டாசியில் கத்திரி நட்டோம். நூற்றுப் பன்னிரண்டு நாற்று. பக்கத்தில் முள்ளங்கி நான்கு பாத்தி, தண்டுக்கீரை இரண்டு. நான்காம் நாள் காலையில் எண்ணினேன், நூற்று மூன்று. மறுநாள் தொண்ணூற்றாறு. சவுக்குத் தோப்புக்குள் முயல்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும், இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. இலந்தை முள்ளை வெட்டி வந்து வேலி அடைத்தோம். என் கையெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம். முயல் அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்தது. மண்ணெண்ணெய் டின்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். காற்றுக்கு அவை இடித்துக்கொண்டே இருந்ததில் எங்களுக்குத்தான் தூக்கம் போனது. மாலை நேரத்தில் அண்ணன் ஒரு கோலோடு பாத்தியோரம் உட்கார்ந்தான். வீட்டில் சும்மா இருப்பது அவனைத் தின்றுகொண்டிருந்தது, பாவம். ஆனால் மருந்தின் மயக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான்.

"உங்கண்ணன் காவல் காக்கற அழக நீ பாக்கணும் தம்பி. மொசலு வந்து அவுரு கால மோந்து பாத்துட்டு, சலாம் வச்சுட்டுப் போவுது" என்றாள் அண்ணி.

"டேய், இவ பேச்சக் கேக்காத" என்றான் அண்ணன். "நான் கண்ண மூடிகினு நோட்டம் பாக்கறேன்."

"ஆமா, கொறட்ட வுட்டுகினு நோட்டம் பாக்கறாரு!"

பிறகு அவளுடைய தமையனாரிடமிருந்து ஒரு கிழிந்த வலை வந்தது. முள்ளின் உட்புறமாக அதைக் கட்டி, அடியை மண்ணில் புதைத்தாள். வலையைக் கையாளத் தெரிந்தவள் என்பதால் கச்சிதமாகவே கட்டினாள். மறுநாள் ஒரு பெரிய முயல் கழுத்துவரை சிக்கிக் கிடந்தது. அன்று வீட்டில் கறிக்குழம்பு. அண்ணன் வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான். வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் குட்டிகள் நுழைய அந்த வலைக்கண்ணி தாராளமாக இருந்தது. பெரியவை பல்லால் அறுத்துக்கொண்டு நுழையக் கற்றுக்கொண்டன. ஒரு வாரத்தில் வலையில் இருந்த ஓட்டைகளை எண்ணி முடிக்க முடியவில்லை. நாற்றுகள் எழுபத்தொன்று ஆகியிருந்தன. அந்த எண்ணிக்கையைச் சொன்னபோது அண்ணி என்னிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "எண்ணாத தம்பி! நீ எண்ண எண்ணக் கொறையுது."

மீன் தண்ணீர் யோசனை அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது. மீன் ஊறிய தொட்டியின் அடியில் ஒரு தண்ணீர் தங்கும். இரத்தமும் உப்பும் செதிலும் சேர்ந்து பழுப்பாக இருக்கும். அந்த நாற்றத்துக்கு நாய்கூட நின்று யோசிக்கும் என்பாள் அவள். தோப்புப் பக்கமாக, பாத்திக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி அதில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் முயல் தாண்டாது என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. காசிமேட்டிலிருந்து எண்ணூருக்குக் கருவாடு ஏற்றிப் போகும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் ஒன்றுவிட்டு ஒருநாள் டின்னில் அதைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இன்னா தங்கச்சி, மொசலுக்கு மீன் கொழம்பா?" என்பார் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஆமாண்ணே, வூட்டுக்கு வர்றவங்கள வெறும் வாயா அனுப்பலாமா?" என்பாள் அண்ணி.

முயல் தாண்டவில்லை. மூக்கை மூடாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வெயிலில் நாற்றம் குறையும்போதெல்லாம் புதிதாக ஊற்றினாள். அந்த வருஷம் ஐப்பசி காய்ந்தே கழிந்தது. கிணற்று நீரை இறைத்து ஊற்றி வளர்த்தோம். எழுபத்தொன்றும் எழுபத்தொன்றாகவே நின்றன. கத்திரி ஊதாவாகப் பூத்தது. முள்ளங்கி மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையாகத் தோள் காட்டியது. நான் தினமும் எண்ணினேன், அண்ணியும் திட்டவில்லை. "இன்னா, ஆளுங்க எல்லாம் ஆஜரா?" என்று அவளே கேட்பாள்.

கார்த்திகையில் மழை சேர்த்து வைத்துக் கொட்டியது. மூன்று நாள் விடவில்லை. தோப்பிலிருந்து சரிவில் இறங்கிய வெள்ளம் வாய்க்காலை நிரப்பி, வழிந்து, பாத்திகளுக்குள் வந்து நின்றது. அங்கே மேல் மணலுக்கு அடியில் களிமண். தண்ணீர் உடனே இறங்கவில்லை. மழை நல்லதுதானே என்று நாங்கள் வீட்டுக்குள் ஒழுகலுக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தோம். வெயில் வந்த இரண்டாம் நாள் கீரை ஓரம் கருகியது. நான்காம் நாள் கத்திரி இலைகள் நெருப்பில் காட்டியது போலச் சுருண்டன. அண்ணி ஒரு முள்ளங்கியைப் பிடுங்கிக் கழுவிக் கடித்தாள். மெல்லாமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு துப்பிவிட்டு, "தொட்டி ருசி" என்றாள்.

தோப்புக்காரர் சொன்னபடி வந்தார். கொஞ்சம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னாம்மா, கடலையே கொண்டாந்து ஊத்திட்டியா?"

கடல் காற்று என்றோ, உப்பங்கழித் தண்ணீர் ஏறியது என்றோ சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "நாந்தாங்க ஊத்தினேன், மொசலுக்கோசரம்" என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் இடையில் புகுந்து கெஞ்சினேன். இன்னும் இரண்டு மழை பெய்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும், ஒரு போகம் பொறுக்க வேண்டும் என்றேன். "அடுத்த மழைக்கு இன்னும் எத்தினி மாசம் கீது தம்பி? அதுவரைக்கும் நெலம் சும்மா கெடக்கணுமா? சவுக்க உப்பு ஒண்ணும் பண்ணாது" என்றார். நியாயமான பேச்சு. அவர் போன பிறகு அண்ணி வாடின செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்தாள். நான் எண்ணவில்லை.

பண்டிகை முடிந்த மறுநாள் காசிமேட்டுக்குப் போகத் தொடங்கினாள். இருட்டு கலையும் முன் நடந்து போவாள், திரும்பும்போது அந்த வண்டிக்காரர் ஏற்றி வருவார். மூன்று வாரத்தில் மரக்கரண்டி மறுபடியும் தட்டுக்கு வந்தது. அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போலச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான்.

தை பிறந்து சில நாள் கழித்து, மறுநாள் சவுக்கு நட ஆட்கள் வருகிறார்கள் என்று தோப்புக்காரர் சொல்லி அனுப்பினார். பாத்தியோரம் இரண்டு குடமும் வேலிக் கழிகளும் கிடந்தன. அண்ணி வேலையிலிருந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல், வா எடுத்து வந்துவிடலாம் என்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தோப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியவள் சட்டென்று நின்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெறும் பாத்தியில் முயல்கள் உட்கார்ந்திருந்தன. பழக்கதோஷம், எண்ணினேன், ஒன்பது. தின்ன அங்கே ஒரு புல்கூட இல்லை. மழை நாற்றத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தலையைக் குனிந்து, காதுகளை முதுகோடு படுக்க வைத்துக்கொண்டு அவை மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. வெகு நிதானமாக, பசு கன்றை நக்குவது போல.

அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கியவள், உள்ளங்கை உதட்டில் பட்டு எரிந்ததோ என்னவோ, கையை விலக்கிக்கொண்டு அப்படியே சிரித்தாள்.

"அடப் பாவிங்களா, உப்புதான் வேணும்னா அன்னிக்கே கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் முந்தானையிலும் கொசுவ மடிப்புகளிலும் தொட்டியடியின் உப்பு எப்போதும் ஒட்டியிருக்கும். வீட்டு வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவாள், அன்று உதறாமல் வந்திருந்தாள். பாத்திக்குள் நாலடி இறங்கி, இடுப்பில் செருகிய முந்தானையை அவிழ்த்து இரண்டு முறை உதறினாள். கல்லுப்பு மண்ணில் பொலபொலவென்று விழுந்தது. முயல்கள் துள்ளி விலகித் தோப்போரத்தில் போய் நின்றன.

"குடத்த எடு தம்பி. உங்கண்ணனுக்குக் கஞ்சி வெக்கணும்" என்றாள்.

ஒரு குடத்தை அவளும் ஒரு குடத்தை நானும் எடுத்துக்கொண்டோம். கழிகளை நான் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் முயல்கள் மறுபடி பாத்திக்கு வந்துவிட்டிருந்தன. நாங்கள் கிளம்பும்வரைகூடக் காத்திருக்கவில்லை.